ஜெயித்தவருக்கு ஐம்பது தோப்புக்கரணம்

அடக்கத்தை இவ்வளவு ஆணவத்தோடு கற்றுக்கொடுத்த மனிதர் மயிலாப்பூரில் அவருக்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இருக்கப்போவதில்லை. காலை ஐந்தரை மணிக்கு மொட்டை மாடியின் நடுவில் நின்றுகொண்டு, "இந்த மெட்ராஸ்லயே என்னை மாரி அடக்கமான ஆளு எவனாச்சும் கீறானா? கீறான்னா இட்டுகினு வா, பாக்கலாம்!" என்று எங்களைப் பார்த்துச் சவால் விடுவார். நாங்கள் யாரையும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அப்படி ஒரு போட்டிக்குக் கிளம்பி வருகிறவர் அடக்கமானவராக இருக்க முடியாது என்கிற சிக்கல் அதில் இருந்தது.

அவர் கராத்தே மாஸ்டர். தெருவில் எல்லோருக்கும் தோப்புக்கரணம் மாஸ்டர். ஏன் அந்தப் பட்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் வீரம் அல்ல, சர்க்கரை. நாற்பத்தேழாவது வயதில் ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். பூங்காவுக்குப் போனேன். நாலே நாள்தான். அங்கே என்னைவிடப் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்னைவிட வேகமாக நடந்தார்கள். தி.நகரில் ஒரு வங்கிக் கிளைக்கே மேனேஜராக இருக்கிறவனை, "கொஞ்சம் ஓரமா நடங்க தம்பி" என்று சொல்லிவிட்டு முந்திக்கொண்டு போனார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அன்று திரும்பி வரும் வழியில் ஒரு மின்சாரப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். "கராத்தே வகுப்பு. நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. திமிர் உள்ளவர்கள் மட்டும் வரவும்."

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி, "உங்களுக்குன்னே ஒட்டி வச்சிருக்காங்க, போயிட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் போனேன். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது, ஒல்லியாக, முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒருவர் வெள்ளைச் சீருடையில் நின்றிருந்தார். அந்தச் சீருடையில் ஒரு சுருக்கம் கிடையாது. பகலில் தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை மடிக்கிற வேலை அவருக்கு. பெண்கள் நூறு புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து போன பிறகு, அந்த நூறையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குகிற ஆள். பொறுமையை அவர் கற்றது அங்கேதான் என்று நினைக்கிறேன். கராத்தேயில் அது அவ்வளவாகத் தெரியாது.

"இன்னா சார் பண்றே?" என்று கேட்டார்.

"பேங்க் மேனேஜர். தி.நகர் பிராஞ்ச்."

"அத்த கீழ செருப்பு பக்கத்துல உட்டுட்டு வா. கிளாஸ் முடிஞ்சி போசொல்லோ எடுத்துக்கோ. எவனும் தூக்கினு போமாட்டான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே என்னை மூன்று மாடி கீழே அனுப்பி, செருப்புக்குப் பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்க வைத்து, மறுபடி ஏறி வரச் சொன்னார். முதல் நாள் பயிற்சி அவ்வளவுதான். மறுநாள் இரண்டு காலையும் தூக்கிக் கட்டிலிலிருந்து இறக்க முடியவில்லை.

வகுப்பில் ஒன்பது பேர். அதில் பல் டாக்டர் அம்மா ஒருவர். என்னைவிட நாலு வயது சின்னவர், நாலு மடங்கு பலசாலி. மற்றவர்களும் ஏதோ ஒரு விதத்தில் அவரவர் நாற்காலியில் பெரிய மனிதர்கள். மாடிக்கு வந்தால் எல்லோரும் எல்லாவற்றுக்கும் குனிந்து வணக்கம் வைக்க வேண்டும். படிக்கட்டுக்கு ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்று, துணி காயப்போடும் கம்பிக்கு ஒன்று. துடைப்பத்துக்குக் குனிய மறந்த குற்றத்துக்காக வக்கீல் ஒருவர் அரை மணி நேரம் அந்தத் துடைப்பத்தின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்தில்கூட அவர் அவ்வளவு பணிவாக வாதாடியிருக்க மாட்டார்.

மாஸ்டர் இடுப்பில் வெள்ளை பெல்ட்தான் கட்டியிருப்பார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கட்டுவார்களே, அது.

"உங்க கறுப்பு பெல்ட் எங்க மாஸ்டர்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"தோ, அங்க பாரு."

பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறக்காமல் இருக்க, அதன் குறுக்கே கறுப்பு பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது.

"பத்து வருஷம் ஒடம்ப ஒடச்சி வாங்கின பெல்ட்டு. டேங்க் மூடிக்கு கட்டிகிறேன். இந்தியாவுல எவனாச்சும் கட்டிகிறானா? ஜப்பான்ல கட்டிகிறானா? கேட்டுப் பாரு!" என்றவர், நாங்கள் எல்லோரும் திரும்பித் தொட்டியைப் பார்க்கும் வரை விடவில்லை.

இப்போது தோப்புக்கரணத்துக்கு வருகிறேன்.

ஊரில் எல்லா வகுப்பிலும் தோற்றவனுக்குத்தான் தண்டனை. எங்கள் மாடியில் ஜெயித்தவனுக்கு. இருவர் மோதினால், ஜெயித்தவர் காதைப் பிடித்துக்கொண்டு தோற்றவரின் முன்னால் ஐம்பது தோப்புக்கரணம் போட வேண்டும். தோற்றவர் மாஸ்டர் ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டே அதை எண்ண வேண்டும். "ஜெயிச்சவன் தலைல உடனே கொழுப்பு ஏறும் சார். சூடு ஆறுறதுக்குள்ள எறக்கிரணும்" என்பார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பல் டாக்டர் கேட்டபோது, சின்ன வயதில் ஒரு பந்தயத்தில் ஜெயித்துவிட்டு ஒரு மாதம் யாரையும் மதிக்காமல் திரிந்ததாகவும், அதன் பிறகு தனக்குத் தானே விதித்துக்கொண்டதாகவும் சொன்னாராம். வக்கீலிடம், தன் மாஸ்டர் சாகும்போது வாங்கிய சத்தியம் என்றாராம். நான் கேட்டபோது, "முட்டிக்கு நல்லது சார்" என்றார். எது நிஜம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதன் விளைவு என்ன ஆனது என்றால், ஒன்பது பேரும் தோற்பதில் தேர்ச்சி பெற்றோம். ஐம்பது தோப்புக்கரணத்தைவிட ஒரு குத்து மேல் அல்லவா? "நீங்க அடிங்க சார்", "பரவால்ல, நீங்க மொதல்ல அடிங்க", "உங்க வயசுக்கு நான் எப்படி" என்று பந்தியில் இலைக்கு உபசரிப்பதுபோல் ஒருவரையொருவர் உபசரித்துக்கொண்டு நின்றோம். ஒரு நாள் நானும் வக்கீலும் ஒரே நேரத்தில், யாரும் தொடாமலேயே, கீழே விழுந்தோம்.

மாஸ்டர் இருவரையும் எழுப்பி நிற்கவைத்தார். "இது இன்னா தெரியுமா? இது டூப்பு அடக்கம். திமிரு கூட தேவலாம், அது மூஞ்சிக்கு நேரா வரும். இது முதுகு பக்கமா வரும். ஆளுக்கு நூறு போடு" என்றார். போட்டோம். அன்று பிராஞ்சில் நாற்காலியில் உட்கார்ந்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கடமை உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. அடி பலமாகப் பட்டுவிட்டால், பட்டவர் கத்துவதற்கு முன்னால் அடித்தவர் மண்டியிட்டு, "தப்பு என்னுது" என்று சொல்லியாக வேண்டும். இந்த இரண்டு வார்த்தையை எங்கள் ஒன்பது பேர் வாயிலும் வரவழைத்தது அவர் சாதனை. வக்கீல் வீட்டில் போய் மனைவியிடமே சொல்லிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஆனால் மாஸ்டர் வாயிலிருந்து அது வந்து நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள், "ஒதை உன் கண்ணாடிக்கு ஒரு இன்ச்சு முன்னால நிக்கும் பாரு" என்று எனக்குச் செய்து காட்டினார். நிற்கவில்லை. கண்ணாடி பறந்துபோய்ப் பக்கத்து மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடாத்தில் விழுந்தது.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார். வானத்தைப் பார்த்தார்.

"நீ முன்னால சாஞ்சிட்டே சார்" என்றார்.

நாங்கள் பயிற்சி செய்த மாடி ஆடிட்டர் மாமாவுடையது. எழுபது வயது, ரிட்டையர் ஆனவர், கீழ்த் தளத்தில் தனியாக இருந்தார். காலையில் ஒன்பது பேர் தலைக்கு மேல் நின்று "ஹா, ஹூ" என்று கத்தினால் அந்தத் தெருவுக்கே திருடன் வரமாட்டான் என்பது அவர் கணக்கு. மாடிக்கு வாடகை வாங்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை. "மாடி உனக்கு ஃப்ரீதான்ப்பா. ஆனா யாராவது ஒருத்தர் வந்து ஒரு கம்ப்ளெயின்ட் சொல்லிட்டா, அன்னிக்கே காலி பண்ணிடணும். எனக்கு வம்பு ஆகாது, தெரிஞ்சுண்டியா?" மாஸ்டர் இதை எங்களிடம் மாதம் ஒரு முறையாவது சொல்லுவார். "ஒரு கம்ப்ளெய்ன்ட்டு. அவ்ளோதான். பாத்து நடந்துக்கோங்க."

அந்த மாடி அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். அதனால்தான் இதை எழுதும்போது கை கூசுகிறது. அவர் பிறந்தது அடையாற்றங்கரையில். அங்கிருந்த வீட்டை ஆக்கிரமிப்பு என்று இடித்து, குடும்பத்தை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து விடியுமுன் முதல் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி, ஐந்தேகாலுக்கு மாடியைப் பெருக்கிவிட்டு நிற்பார். வகுப்பு முடிந்து தி.நகர் கடைக்குப் போவார். ஒரு மழைநாளில் நானும் அவரும் மட்டும் வந்திருந்தோம். தொட்டிக்குக் கீழே ஒதுங்கி நின்றபோது சொன்னார்: "வூடு போச்சி, பசங்க இஸ்கூலு போச்சி, ரேஷன் கார்டு கூட அங்க மாத்திட்டாங்க. இந்த ஊர்ல எனக்குன்னு மிச்சம் கீறது இந்த மாடிதான் சார். இங்க நின்னாதான் நான் மாஸ்டரு. அங்க போனா ஆறாவது மாடிக்காரன்."

நான் தலையாட்டினேன். ரொம்பப் புரிந்தவன் மாதிரி.

நாலு வருஷம் இப்படிப் போயிற்று. சர்க்கரை இறங்கியது. எனக்கும் பழுப்பு பெல்ட் வந்தது, கறுப்புக்கு முந்தின படி. தொந்தி போய், படி ஏறினால் மூச்சு வாங்காமல், பிராஞ்சில் கோபம் வந்தால் பத்து வரை எண்ணக் கற்றுக்கொண்டேன். அடக்கம் வந்துவிட்டது என்றே நம்பினேன். நாலு பேரிடம் அதைச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்போது தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். முந்தின நாள் கல்யாணத்து வாழைமரத்தைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் நான் பெயர் கொடுத்திருந்தேன். மொத்தம் மூன்று பேர். ஒருவர் வரவில்லை. இன்னொருவர் அடையாறிலிருந்து வந்த ஓய்வுபெற்ற இன்ஜினியர். என் முதல் குத்து காற்றில் போயிற்று. இரண்டாவது அவர் நெஞ்சுக் கவசத்தில் நேராக இறங்கியது. அடுத்த நிமிடம் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடுவர் என் கையைத் தூக்கினார். நான் சாம்பியன்.

சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில்கூட நான் ஓட்டப் பந்தயத்தில் ஆறுதல் பரிசு வாங்கியவன் இல்லை. மனைவி வந்திருந்தாள், மகள் வந்திருந்தாள், பிராஞ்சிலிருந்து ஐந்து பேர் மாலையோடு வந்திருந்தார்கள். கழுத்தில் மெடல் விழுந்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கினேன். எதிரே மாஸ்டர்.

"அம்பது" என்றார்.

"இங்கயா?"

"ஜெயிச்ச எடத்துலதான் சார். அவரு முன்னால."

இன்ஜினியர் காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிராஞ்ச் கிளார்க் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கத் தயாரானார். பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

"வீட்டுக்குப் போய் நூறு போடறேன் மாஸ்டர்" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"வூட்ல போட்டா அது எக்சர்சைஸ் சார். இங்க போடு."

எனக்குப் பத்து வரை எண்ணத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா? இரண்டுகூட எண்ணவில்லை. "நீங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு? புடவை மடிக்கிற ஆளு. எங்களாலதான உங்களுக்கு ஒரு மாடியே இருக்கு!" என்று கத்தினேன். மண்டபம் முழுக்கக் கேட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மாஸ்டர் இன்ஜினியர் பக்கம் போய், மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கெண்டைக்காலை நீவிவிட ஆரம்பித்தார்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். மறுநாளே ஆடிட்டர் மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன். பொது இடத்தில் என்னை அவமானப்படுத்தினார் என்று சொன்னேன். அது கம்ப்ளெயின்ட் என்று எனக்குத் தெரியும். ஒன்றுதான் கணக்கு என்றும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மாமா சங்கடப்பட்டார். "நல்லவனாச்சே. உடனே போன்னு எப்படிச் சொல்றது? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ. உங்க எதிர்ல ஒரு சாரி சொல்லிட்டான்னா மாடி அவனுக்கே. நான் ஒண்ணும் கேக்காத மாதிரி இருந்துடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாமாவின் பிரம்பு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கையில் காப்பி. மாஸ்டர் சீருடையில் வந்தார். நிலைப்படிக்குக் குனிந்துவிட்டு உள்ளே வந்து நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"ஒரு சாரிதானேப்பா" என்றார் மாமா. "சொல்லிட்டு மேல போய் கிளாஸை ஆரம்பி."

மாஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். ஒன்பது கூரை ஓடுகளை அடுக்கி வைத்து ஒரே வெட்டில் உடைக்கிறபோது அவர் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை நாங்கள் பார்த்ததில்லை. அன்று நெற்றியிலிருந்து மூக்கு நுனி வரை வழிந்தது. இரண்டு வார்த்தை. எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்த இரண்டு வார்த்தை. தொண்டை ஏறி இறங்கியதை நான் காப்பி குடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சொன்னார்: "சாரு அன்னிக்கி நல்லா அடிச்சாரு. அந்த ரெண்டாவது குத்து சுத்தம். நாலு வருஷத்துல என் கிளாஸ்ல அந்த மாரி ஒரு குத்து நான் பாத்ததில்ல."

நாலு வருஷத்தில் அவர் யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. தன்னைத் தவிர. அந்த மனிதருக்குக் குனியத் தெரிந்த அளவு அவ்வளவுதான், அவ்வளவுக்கும் முழுசாகக் குனிந்துவிட்டார். மாமாவுக்குக்கூட அது புரிந்தது. என் பக்கம் திரும்பி, "போறுமோன்னோ? முடிச்சுண்டுடலாமா?" என்று கேட்டார்.

"இது மன்னிப்பு இல்லையே மாமா" என்றேன்.

ஒரு "போதும்" சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பழுப்பு பெல்ட் வாங்கியவன், அடக்கம் வந்துவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன், காப்பி டம்ளரைக் கீழே வைக்கக்கூட இல்லை.

மாஸ்டர் தலையசைத்துவிட்டு மாடிக்குப் போனார். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தார். கையில் கறுப்பு பெல்ட்டைச் சுருட்டி வைத்திருந்தார். "டேங்க் மூடி மேல ரெண்டு செங்கல்லு வெச்சிகிறேன் சார். காத்துக்குப் பறக்காது" என்று மாமாவிடம் சொன்னார். படிக்கட்டுக்கு ஒரு முறை குனிந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு கலைந்தது. வக்கீல் பூங்காவில் நடக்கப் போய்விட்டார். பல் டாக்டர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப் பக்கம் கடந்தார். எனக்குச் சர்க்கரை பழைய இடத்துக்கே திரும்பி வந்தது, ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரர் மாதிரி, கூட ரத்த அழுத்தத்தையும் அழைத்துக்கொண்டு. இரண்டு வருஷத்தில் மாமாவின் வீட்டையும் அடுக்குமாடிக்காக இடித்துவிட்டார்கள். அந்த மாடி இப்போது யாருக்கும் இல்லை.

எனக்கு ஒரு கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. மயிலாப்பூரில் வேறு பல் டாக்டர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஏனோ அவரிடமே போனேன். ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியைச் சாய்த்தார், ஊசி போட்டார், வாய் நிறையப் பஞ்சை அடைத்தார். அதன் பிறகுதான் பேச ஆரம்பித்தார்.

"மாஸ்டர் எங்க இருக்கார்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஆ" என்றேன்.

"பெருங்குடியில ஒரு ஐ.டி. ஆபீஸ்ல செக்யூரிட்டி. என் பேஷன்ட் ஒருத்தங்க அங்கதான் வேலை செய்யறாங்க. துணிக்கடையையும் விட்டுட்டாராம். காலையில கிளாஸ் இல்லன்னா அவ்ளோ தூரம் எதுக்கு வரணும்? உங்களுக்கு ஒரு மாடி போச்சு சார். அவருக்கு மயிலாப்பூரே போச்சு."

"ஆ."

"வாயைப் பெருசாத் திறங்க" என்றவர், தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் அதிக பலத்தோடு பல்லைப் பிடுங்கினார். மண்டியிடவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அந்த வாரமே பெருங்குடி போனேன். போகுமுன் ஒரு காரியம் செய்தேன். எங்கள் அடுக்குமாடியின் சங்கக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை போட்டு, மொட்டை மாடியில் காலை வகுப்பு நடத்த அனுமதி வாங்கினேன். எழுத்துப்பூர்வமாக. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்த வசனங்களோடு அந்த ஆபீஸ் வாசலில் நின்றேன்.

வாசலில் இருந்த காவலாளி பார்வையாளர் நோட்டை நீட்டினார். பெயர் எழுதினேன். எங்கிருந்து வருகிறேன் என்று எழுதினேன். அடுத்த கட்டம், யாரைப் பார்க்க வேண்டும்.

"செக்யூரிட்டி ஒருத்தரைப் பாக்கணும்" என்றேன்.

"நாப்பது பேரு இருக்கோம் சார். பேரு சொல்லுங்க."

பேனாவோடு நின்றேன். நாலு வருஷம், வாரத்தில் ஆறு நாள், அந்த மனிதரின் முன்னால் குனிந்திருக்கிறேன். துடைப்பத்துக்கும் துணிக் கம்பிக்கும் வணக்கம் வைத்திருக்கிறேன். அவர் பெயர் என்ன என்று ஒரு நாள் கேட்டதில்லை. பல் டாக்டருக்குப் போன் செய்தேன். "என் போன்ல தோப்பு மாஸ்டர்னுதான் இருக்கு சார்" என்றார். அவர் குரலும் இறங்கிவிட்டது.

"கராத்தே தெரியுமே, ஒல்லியா, உயரமா..." என்று காவலாளியிடம் கையால் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே கார் நிறுத்தும் பக்கத்திலிருந்து நீலச் சட்டையும் விசிலுமாக அவரே வந்தார். சட்டையில் இப்போதும் ஒரு சுருக்கம் இல்லை.

"இன்னா மேனேஜர் சார், சுகரு எப்டி கீது?"

மனப்பாடம் செய்த வசனம் ஒன்றும் வரவில்லை. "தப்பு என்னுது மாஸ்டர்" என்றேன். நாலு வருஷம் பயிற்சி எடுத்த வார்த்தை. நிஜமாகச் சொல்லும்போது அவ்வளவு கனம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

அவர் கையை வீசித் தள்ளினார். "உடு சார். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். தொண்ட வரிக்கும் வந்துச்சி. ஊருக்கே சொல்லிக் குடுத்தேன், எனக்கு வர்ல." விசிலைக் கையில் உருட்டியபடி, "நீயும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

"ஆமா மாஸ்டர்."

"ரெண்டு பேரும் ஃபெயிலு சார்."

பையிலிருந்து அனுமதிக் கடிதத்தை எடுத்து நீட்டினேன். பெரிய மாடி, யார் கம்ப்ளெயின்ட் சொன்னாலும் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன் என்று வேகமாகச் சொன்னேன். நின்றுகொண்டே மெதுவாக முழுதும் படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பன்னெண்டு மணி நேரம் நிக்கறேன் சார், ஒரே எடத்துல. ரெண்டு வருஷமாச்சி. காலு இடுப்புக்கு மேல போகல. ஒதைக்கத் தெரியாத மாஸ்டர வெச்சிகினு இன்னா பண்ணுவே?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் வாசல் தடுப்பைத் தூக்க மறந்திருந்தார்கள். கண்ணாடியை இறக்கி இருபத்தைந்து வயசுப் பையன் ஒருவன், "என்னய்யா, வேடிக்கை பாக்கறியா?" என்று கத்தினான். மாஸ்டர் ஓடினார். தடுப்பைத் தூக்கிவிட்டு, விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, "சாரி சார், சாரி சார்" என்றார். அடுத்த காருக்கும் சொன்னார். "சாரி மேடம்." அதற்கடுத்த காருக்கும்.

எவ்வளவு சுலபமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நான் கேட்டு அடம்பிடித்த அதே வார்த்தை. ஒரு நாளைக்கு நூறு பேருக்குச் சொல்கிறார் போலிருக்கிறது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கிளம்புகிறேன் என்று கை காட்டினேன். அவர் அருகில் வந்து, "சுகர பாத்துக்கோ சார், காலைல நட" என்று சொன்னபோதுதான் சட்டைப் பைக்கு மேல் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தேன். இரண்டு தடவை படித்தேன். வாசலில் பார்வையாளர் நோட்டைக் கேட்டு வாங்கி, காலியாக விட்டிருந்த கட்டத்தில் அந்தப் பெயரைத் தெளிவாக எழுதிவிட்டு வந்தேன்.

இங்கே எழுத மாட்டேன். இதுவரை நீங்கள் தோப்புக்கரணம் மாஸ்டரைப் பார்த்துச் சிரித்தீர்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெயருக்கு யாராவது சிரித்தால் என்னால் தாங்க முடியாது.